மியூட்

மதியம் பன்னிரண்டு மணிக்குப் பாட்டு வெளியானது.

அண்ணனுடைய சலவைக் கடையில் மூன்று பேரும் ஒரு போனைச் சுற்றி நின்றோம். அண்ணன் பாடகன், கிட்டாரும் அவன்தான். நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் நண்பன் பேஸ் கிட்டார். நான் டிரம்ஸ்.

பதினோரு வருடம் சேர்ந்து வாசித்து வெளியிட்ட முதல் பாட்டு. என்ன வகை என்று யாராவது கேட்டால் ஆல்டர்நேட்டிவ் ராக் என்போம். அம்மா தலைவலி என்பாள்.

எனக்கு இது ஓடியாக வேண்டும்.

நான் ஒரு கிடங்கில் இரவு ஷிப்டில் பெட்டி ஒட்டுகிறேன். வேலையை நிரந்தரமாக்குகிறோம், இன்று சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போடு என்று சூப்பர்வைசர் காகிதத்தைக் கொடுத்திருந்தார். போட்டால் வெள்ளி, சனி ராத்திரிகள் போச்சு. கச்சேரி போச்சு. டிரம்ஸ் அடிப்பவன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு மிச்சமிருந்தது இந்தப் பாட்டு ஒன்றுதான்.

அண்ணன் போனில் ஓட விட்டான்.

பின்னால் ஆறு மெஷின்களும் ஓடிக்கொண்டிருந்தன. ஆனாலும் கேட்டது. அண்ணனின் குரல், நெட்டையின் பேஸ், அடியில் என் அடி. தொம், தொம், தொம். என் கை இவ்வளவு கனமாக விழும் என்று நானே நினைத்ததில்லை.

"டேய், பின்னிட்டடா!" நெட்டை என் முதுகில் ஒன்று வைத்தான்.

நான்கு நிமிடம் சந்தோஷமாக இருந்தேன். கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன், நான்கு நிமிடம்.

அண்ணன் இரண்டாவது தடவை ஓட விட்டான். பாதிப் பாட்டில், மூலையிலிருந்த பெரிய மெஷின் சுற்றி முடித்து நின்றது.

தொம் தொம்மும் நின்றது.

அந்த மெஷினுக்குள் யாருடைய கனத்த கம்பளியோ ஈரத்தோடு புரண்டுகொண்டிருந்திருக்கிறது. இத்தனை நேரம் நாங்கள் கேட்டது அதைத்தான். வேகமும் ஏறக்குறைய ஒத்துப்போயிருக்கிறது.

பாட்டில் இருந்தது டிக், டிக், டிக்.

பதிவு செய்யும்போது தாளம் பிசகாமலிருக்க ஹெட்போனில் அப்படி ஒன்று ஓடும். அது எனக்காக வைத்ததல்ல. அண்ணனை விட்டால் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி பாடுவான். ஒவ்வொரு சத்தமும் தனித்தனி டிராக்கில் பதிவாகும். பாட்டை வெளியே அனுப்பும்போது அந்த டிக் டிக் ஓடும் டிராக்கை மட்டும் மியூட் செய்துவிட வேண்டும். போன வாரம் எங்களுக்குக் கேட்கக் கொடுத்ததில் எல்லாம் சரியாக இருந்தது. கடைசியாக ஏற்றும்போது மிக்ஸிங் பார்த்தவர் பக்கத்து டிராக்கை மியூட் செய்திருக்கிறார்.

பக்கத்து டிராக் நான்.

அண்ணன் அவருக்குப் போன் செய்து கத்தினான். அவர் கொட்டாவி விட்டார். இதை எடுத்துவிட்டு வேறு ஏற்றலாம், ஆனால் இதுவரை கேட்டவர்கள் எண்ணிக்கை போய்விடும் என்றார். அப்போது கேட்டிருந்தவர்கள் நாற்பது பேர். அதில் பாதி எங்கள் சொந்தக்காரர்கள்.

போனால் போகிறது என்று அண்ணன் நீக்குவதற்கான பொத்தானைத் தேடினான்.

அந்த நேரம் பார்த்து முதல் கமெண்ட் வந்தது. 'டிரம்ஸ் இல்லாமல் ஒரு ராக் பாட்டு! என்ன துணிச்சல். அந்த டிக் டிக் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.'

அண்ணனின் விரல் நின்றது.

எழுதியவரைப் பின்தொடர ஏகப்பட்ட கூட்டம் இருந்திருக்கிறது. ஒரு மணிக்கு எண்ணூறு பேர். இரண்டரைக்கு ஒன்பதாயிரம். துணி வாங்க வந்த ஒரு அம்மாள் ரசீதைப் பிடித்தபடி நின்றே களைத்துப் போனார். 'காலம் நம்மைத் தின்னும் சத்தம்' என்று ஒருவர் எழுதினார். 'வெறுமை' என்று மட்டும் இன்னொருவர். ஒரு பெண் பஸ்ஸில் கேட்டுவிட்டு அழுதாளாம்.

டிரம்ஸ் எங்கே என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. 'இது பரவாயில்லை, தலை வலிக்கல' என்று அனுப்பியிருந்தாள்.

"அண்ணே, எடுக்கிறியா இல்லியா?"

"இருடா. பத்திக்கிட்டு எரியுது, இப்பப் போய்த் தண்ணி ஊத்தச் சொல்றியா? கொஞ்சம் அடங்கட்டும். அடுத்ததுல உன்னைச் சேர்த்துக்கலாம்."

சேர்த்துக்கலாம் என்றான்.

நெட்டை துணி மடிக்க ஆரம்பித்தான். அவனுக்கும் அந்தக் கடைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நான்கு மணிக்குத் தெரியாத எண்ணிலிருந்து போன். வெளியூரில் மூன்று நாள் இசை விழா நடத்துபவர். அண்ணன் ஸ்பீக்கரில் போட்டான். எல்லோரும் கேட்கட்டும் என்றுதான் போட்டான், அதில் அவன்மேல் குறை சொல்ல மாட்டேன்.

"பிரமாதம் தம்பி. மேடையிலயும் அப்படியே வேணும். எதையும் சேர்த்துக் கெடுத்துடாதீங்க. எத்தனை பேர் வர்றீங்க? அந்த டிக் டிக் போடறது யாரு?"

அண்ணன் என்னைப் பார்த்தான். நெட்டை கையிலிருந்த சட்டையை இன்னொரு முறை பிரித்து மடித்தான்.

நான் ஐந்தடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

"அதுக்கு ஆள் தேவையில்ல சார்," என்றான் அண்ணன். "நாங்க ரெண்டு பேர்தான்."