மதகடியில் வந்து நின்ற மீன்

கடலில் வளர்ந்து, சில ஆண்டுகள் கழித்துத் தன் ஆற்றுக்கே திரும்பும் சல்மன் மீன் அற்றுப்போன அந்த நார்வே ஆற்றில், பொரிப்பகத்துக் குஞ்சுகளை முதன்முறையாக விடும் காலை அது. அவற்றை வளர்த்த இங்குன், குஞ்சுக்குளத்தின் மதகடியில், ஆற்றுப்புறம், முதிர்ந்த சல்மன் ஒன்று நிற்கக் கண்டாள். அதன் முதுகுச் சிறுதுடுப்பு சாய்வாக நறுக்கப்பட்டிருந்தது. சென்ற வாரம் குஞ்சுகளுக்கு அடையாளமிட்டபோது, கைபழகாமல் அவள் அப்படித்தான் நறுக்கியிருந்தாள்.

“உன் கோணல் கைவேலையேதான்! இங்குன், இன்னைக்கு விட வேண்டாம்,” என்றான் உடன் வேலைசெய்யும் டோர்லைஃப்.

“கடலுக்குப் போற பருவம் இன்னையோட முடியுது. இது திரும்பி வந்திருக்குன்னா, நாம விட்டிருக்கோம்னுதானே அர்த்தம்? தள்ளி நில்லுடா, பயந்தாங்கொள்ளி!”

மதகுப் பலகையை அவளே தூக்கினாள். குஞ்சுகள் கடலை நோக்கிப் பாய்ந்தன. அவற்றின் ஊடே, எதிரேறி, அதே சாய்வு நறுக்கோடு பெரிய சல்மன்கள் நிரைநிரையாக வந்துகொண்டிருந்தன.