குப்பை நிலத்துக்குச் சின்னக் காயில்

"நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சங்கிலி கிடைக்கணும். இல்லேன்னா நீ உள்ள" என்று ஏட்டு டிரைவரிடம் சொன்னார்.

சங்கிலி டாக்டரம்மாவுடையது. காரில் வரும்போது கழற்றிக் கைப்பையில் போட்டதாக அவருக்கு ஞாபகம். கைப்பையோ, வீட்டுக்குப் பக்கத்துக் காலி மனையில் நிறுத்தியிருந்த காரிலேயே அரை மணி நேரம் கிடந்தது. கார் என்றால் டிரைவர். ஏட்டின் விசாரணை அதோடு முடிந்துவிட்டது. பன்னிரண்டு வருஷம் ஒரு கீறல் விழாமல் வண்டி ஓட்டியவன் அவன். இனிமேல் பெண்டாட்டி பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது?

அப்போதுதான் மாடியில் குடியிருந்த சார் தெய்வம் மாதிரி இறங்கி வந்தார்.

மனுஷர் பரம சாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மெட்டல் டிடெக்டரைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய்ப் பழைய காசு தேடுவதுதான் அவருக்குப் பொழுதுபோக்கு. இந்த மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று டாக்டரம்மா அவரிடம் கறாராகச் சொல்லியிருந்தார். அதைக்கூட மனதில் வைத்துக்கொள்ளாமல், "பையில போடறதா நினைச்சு நழுவ விட்டிருப்பீங்கம்மா. இறங்கறப்போ மனையில விழுந்திருக்கும். நான் தேடிப் பாக்கறேன்" என்றார். இந்தக் காலத்தில் இப்படியும் ஒருவரா என்று டிரைவர் உருகிப் போனான்.

தேடுவது லேசாக இல்லை. அந்த மனையில் முன்பு மரப்பட்டறை இருந்தது. டிடெக்டரின் நுனியில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வட்டம். அது தரைப் பக்கம் போனதுமே கீச்சு கீச்சென்று கத்தத் தொடங்கியது, நிறுத்தவே இல்லை. மாலைவரை தோண்டியதில் ஒரு வாளி ஆணி, அரை வாளி சோடா மூடி, துருப்பிடித்த கீல் நாலு. டிரைவரின் உள்ளங்கையில் கொப்புளம் கிடைத்தது. சங்கிலி கிடைக்கவில்லை.

"காயில் பெருசு, அதான் தப்பு" என்று சார் அந்த வட்டத்தைக் கழற்றினார். "ஒரே நேரத்துல பத்து ஆணி இதுக்குக் கீழ வருது. அதுங்க போடற கூச்சல்ல தங்கம் பேசினா எப்படிக் கேக்கும்? குப்பை நிலத்துக்குச் சின்னக் காயில்தான் சரி."

"சின்னதுன்னா கம்மியாத்தானே தேடும்?" ஏட்டுக்குச் சந்தேகம்.

"ஆழம் கொஞ்சம் குறையும். ஆனா ஒவ்வொண்ணையும் தனித்தனியா விசாரிக்கும்."

"நம்ம ஸ்டேஷன் மாதிரின்னு சொல்லுங்க" என்று ஏட்டு டிரைவரைப் பார்த்து மீசையைத் தடவினார்.

உள்ளங்கை அகலத்தில் இருந்த சின்னக் காயிலை அப்போதே மாட்டி, டிடெக்டரைப் படிக்கட்டுக்கு அடியில் சாய்த்து வைத்துவிட்டு சார் மாடியேறினார்.

மறுநாள் பத்து மணிக்கு எல்லோரும் மனையில் கூடினார்கள். டாக்டரம்மா லீவு போட்டிருந்தார். ஏட்டு பிளாஸ்டிக் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, டீ வருமா என்று சமையலறை ஜன்னலையே பார்த்தார். சமையல்காரம்மா கடைக்குப் போயிருந்ததால் அதற்கும் வழியில்லை.

சார் இன்று காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டார். "சின்னக் காயில் சத்தம் ரொம்ப நுணுக்கம். யாரும் பேசாதீங்க."

சார் கண்ணைப் பாதி மூடி, டிடெக்டரை இப்படியும் அப்படியும் அசைத்தபடி நகர்ந்தார். நின்றார். "ஆணி" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த அடி வைத்தார். "மூடி" என்றார். டிரைவர் தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டான். வேலியோரம் போனதும் சார் முகம் மலர்ந்தது.

"இங்க தோண்டுப்பா."

தோண்டினான். ஒரு சாண் ஆழத்தில் மண்ணோடு மண்ணாகச் சங்கிலி மின்னியது.

டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்களைப் போய்க் காலி பண்ணச் சொன்னேனே சார்! எத்தனை வருஷம் வேணும்னாலும் இருங்க."

"அட, அதுக்கென்னம்மா இப்போ" என்று சார் கூச்சத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

அப்பாடா என்று டிரைவர் நெற்றி வியர்வையைத் துடைப்பதற்குள் ஏட்டு எழுந்து வந்தார். குழிக்குள் கைவிட்டு அளந்து பார்த்தார்.

"தானா விழுந்த சங்கிலி ஒரு சாண் ஆழத்துக்கு எப்படிடா போச்சு? நீச்சலடிச்சா? புதைச்சு வெச்சிருக்கே!" என்று டிரைவரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஐயோ, எனக்கு ஒண்ணும் தெரியாது ஏட்டய்யா! சார், நீங்களாவது சொல்லுங்க சார்!"

"நான் என்னப்பா சொல்ல?" சார் பெருமூச்சு விட்டார். "மனுஷன் பொய் சொல்லுவான். மிஷின் சொல்லாது."

டாக்டரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பன்னிரண்டு வருஷமும் ஒரே நிமிஷத்தில் மண்ணாய்ப் போனது. டிரைவருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஏட்டு அவனைத் தள்ளிக்கொண்டு கேட்டை நெருங்கவும், கையில் பையோடு சமையல்காரம்மா மூச்சிரைக்க உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"கோவிச்சுக்காதீங்க மாடி சார், கடிகாரம் நின்னுபோச்சேன்னு விடியக்காலையில உங்க மிஷின்ல இருந்த பேட்டரியெல்லாம் கழட்டிட்டேன்; இந்தாங்க, புதுசு வாங்கிட்டு வந்துட்டேன், போட்டுட்டுத் தேட ஆரம்பிங்க!"