மெத்தைக்குக் கீழே ஒரு தாடிக்காரர்

ஸஹீதா மாமி உரச்சாக்கை உதறி விரித்து, அலுமாரியிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக உள்ளே போட்டுக்கொண்டிருந்தார்.

நிஸ்றா குழந்தையை இடுப்பில் வைத்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்கத் தெம்பில்லை. தேவாலயங்களில் குண்டுகள் வெடித்த அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காத்தான்குடியில் ஒருவருக்கும் ஒழுங்கான நித்திரை கிடையாது. பொலிசும் படையும் வீடு வீடாகச் சோதனை. வந்தவர்களுக்கு விளங்காத எழுத்தில் ஒரு புத்தகம் அகப்பட்டாலே விசாரணைதான். அடுத்த தெருவில் ஒரு பொடியனை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள்.

"மாமி, அது சமையல் புத்தகம்."

"அதிலயும் எழுத்துத்தானே மகள் இரிக்கி. போகட்டும்."

மௌத்தான மாமா உயிரோடிருந்த நாளில் ஓதிய அரபுக் கிதாபு கையில் வந்தது. மாமி அதைக் கண்ணில் ஒற்றி, ஒரு துணியில் சுற்றி, அதையும் சாக்கில் வைத்தார். பின்னேரம் சாக்கு வாவிக்குப் போய்விடும்.

படிக்காத மனிசி, புத்தகத்தின் அருமை எங்கே தெரியப்போகிறது என்று நிஸ்றா நினைத்துக்கொண்டாள்.

அவளிடம் ஒன்று மிச்சமிருந்தது. புளியந்தீவில் கொன்வென்டில் படித்த நாளில் சிஸ்டர் பரிசாகக் கொடுத்த தடித்த புத்தகம். ஒரு பக்கம் இங்கிலிஷ், எதிர்ப்பக்கம் கிரேக்கம். சந்தையில் நின்று, வருகிறவன் போகிறவனையெல்லாம் கேள்வி கேட்டே மடக்கிய ஒரு கிழவரின் வாக்குவாதங்கள். கடைசியில் ஊர் கூடி அவருக்கு நஞ்சு கொடுக்கிறது. அவரும் சொன்னதை மாற்றிச் சொல்லாமல் வாங்கிக் குடிக்கிறார்.

"அந்த இடத்தில் நீங்கள் இருந்தால்?" என்று சிஸ்டர் கேட்டபோது, வகுப்பில் முதலில் கை தூக்கியவள் நிஸ்றா. "நானும் பொய் சொல்ல மாட்டேன் சிஸ்டர்."

அட்டையில் அந்தக் கிழவரின் சிலை. நெஞ்சு வரை தாடி. தாடியும் தெரியாத எழுத்தும். இந்த நாளில் இரண்டும் போதும்.

மாமி குளிக்கப் போன நேரம், நிஸ்றா அதை மாமியின் மெத்தைக்குக் கீழே செருகினாள். எல்லா இடமும் தேடுகிற மாமி தன் படுக்கையில் தேடமாட்டார், அதற்காகத்தான் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அப்படியென்றால் உன் பெயர் எழுதிய முன்பக்கத்தை ஏன் கிழித்தாய் என்று கிழவர் கேட்டிருப்பார். அவள் அட்டையைக் குப்புற வைத்தாள்.

மறுநாள் காலையிலேயே வந்துவிட்டார்கள். தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர், பின்னால் தோளில் துவக்கோடு மூன்று சிப்பாய்கள்.

வீட்டுக்காரி யார் என்று கேட்டார். நிஸ்றாதான். அவளுடைய சீதன வீடு. மகன் றிப்ஷான் கட்டாருக்குப் போனபிறகு மருமகளுக்குத் துணையாக வந்து நிற்பவர் மாமி. அந்த வீட்டில் மாமியுடையது என்று சொல்ல ஒரு மெத்தையும் ஒரு பெட்டியும்தான்.

மெத்தையைத் தூக்கினார்கள்.

அதிகாரி புத்தகத்தைப் புரட்டினார். முகம் இறுகியது. "இது என்ன பாஷை? யார் இந்தத் தாடி ஆள்?"

பாலுக்கு அழத் தொடங்கிய குழந்தை நிஸ்றாவின் முக்காட்டைப் பிடித்து இழுத்தது. தன்னைக் கொண்டுபோய்விட்டால் இதற்கு யார் பால் கொடுப்பது?

"யாருடைய புத்தகம்?"

"என்ட," என்றார் மாமி.

"நீங்க வாசிப்பீங்களா?"

"எனக்கு எழுத்தே தெரியாது மகன். மெத்தை நடுவில பள்ளம், முதுகு பிடிக்கிது. பழைய பேப்பர் கடையில மொத்தமானதாப் பாத்து எடுத்து முட்டுக் குடுத்திரிக்கன்."

துவக்குக்காரரில் ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி மெத்தையை அமுக்கிப் பார்த்தார். பள்ளம் இருக்கத்தான் செய்தது. ஆனாலும் விடவில்லை. அட்டையைப் போனில் படம் எடுத்துவிட்டு, புத்தகத்தை மாமியின் கையில் திருப்பிக் கொடுத்தார். மாமியின் அடையாள அட்டை இலக்கத்தை எழுதிக்கொண்டார். கூப்பிட்டால் ஸ்டேஷனுக்கு வரவேண்டும் என்றார்.

"வாறன்," என்றார் மாமி.

அவர்கள் அடுத்த வீட்டுக்குள் நுழைந்த பிறகுதான் மாமி கதிரையில் உட்கார்ந்தார். நிஸ்றா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னொரு கோப்பை கேட்டார்.

"மாமி, அது என்ட..."

"தெரியும். விடிய மெத்தையத் தட்டக்குள்ளயே கண்டுட்டன்."

"அப்ப ஏன் எறியல்ல?"

"மற்ற எல்லாத்தையும் எறியக்குள்ள பாத்துக்கு நிண்ட நீ, இத மட்டும் ஒளிச்சிரிக்காய். அருமையான சாமானாத்தானே இரிக்கும்." மாமி அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "ஆர் மகள் இவர்?"

"பொய் சொல்லித் தப்ப மாட்டன் எண்டு நஞ்சு குடிச்சவர் மாமி."

"புள்ள குட்டி இருந்ததா?"

"ஓம். மூணு ஆம்புளப் புள்ளைகள்."

மாமி குழந்தையின் தலையைத் தடவினார். பிறகு புத்தகத்தை நிஸ்றாவின் கையில் வைத்தார்.

"முன்தாள் கிழிஞ்சிருந்திச்சு. உன்ட பேர் இருந்த தாளாக்கும் எண்டு நினைச்சன். கிழிச்சது நல்லதாப் போச்சு மகள். பேர் இருந்திருந்தா, என்ட எண்டு நான் சொல்லிரிக்க ஏலாதே."