பத்தொன்பதாவது ஆள்

மழை விட்டிருக்கிறது. மெல்போர்ன் மைதானத்துச் சேற்றில் ஆஸ்திரேலியக் கால்பந்து அணியின் பதினெட்டுப் பேர் புரண்டுகொண்டிருக்க, பத்தொன்பதாவது ஆளான க்ளாரி, கட்டம் போட்ட வீட்டு அங்கியைப் போர்த்திக்கொண்டு வேலியோர பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். வாரமெல்லாம் ட்ராம் ஓட்டி, சனிக்கிழமைதோறும் பதினோரு வருஷம் பந்தாடியவனுக்கு இதுதான் கடைசி ஆட்டம். யாராவது அடிபட்டால்தான் இவன் இறங்க முடியும். அப்படி வேண்டிக்கொள்ள மனசு வரவில்லை. தொடையில் தேய்த்த யூகலிப்டஸ் தைலம் இதமாக எரிகிறது. பதினோரு வருஷமும் வேலியோரம் நின்று அவனைத் திட்டித் தீர்த்த ரசிகை மிஸஸ் ஹாப்வுட், கறி அடைத்துச் சுட்ட ‘மீட் பை’ ஒன்றை வேலிக்கு மேலாகச் சுடச்சுட நீட்டுகிறாள். “தின்னுடா தடியா. இன்னிக்காவது உன்னால நாம தோக்க மாட்டோம்.” “உங்களுக்கு வாயே வலிக்காதா?” சிரித்துக்கொண்டே பாதியைக் கடிக்கிறான். மைதானத்தில் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சாய்கிறான். பயிற்சியாளர் இவனைப் பார்த்துக் கையசைக்கிறார். வாய் நிறையக் கறியோடு க்ளாரி எழ, அங்கி நழுவுகிறது. “இதைக் கொஞ்சம் பிடிங்க, வந்துடறேன்.” அங்கியையும் கடித்த மிச்சத்தையும் வேலிக்கு மேலாக அவளிடம் கொடுக்கிறான். மிச்சத்தை ஆறாமலிருக்க அங்கியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, “ஓடுடா, கிழட்டுக் கழுதை!” என்று அவள் பழைய வசையையே எடுக்கிறாள். வேலியோரம் மொத்தமும் அதையே சேர்ந்து கத்துகிறது. க்ளாரி வாயிலிருப்பதை விழுங்கிக்கொண்டு ஓடுகிறான்.