மேடைக்கு வராத உடல்

பழைய ஆங்கில நாடகமொன்றின் இளவரசன் கடலில் மூழ்கிச் சாகவே இல்லை என்று விமர்சகர் சுயம்பு பேசி முடிப்பதற்குள், ராயபுரம் நூலகத்தில் போட்டிருந்த இருபது நாற்காலிகளில் பத்தொன்பது காலியாகிவிட்டன.

மிஞ்சியவர் முகத்துவாரக்குப்பத்து மீனவர் ஜெயவேல். அவர் எழுந்து வந்து சுயம்புவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கவுந்த போட்டு கரையாண்ட ஒதுங்கிச்சின்னியே சார்?"

"படகுதானே ஒதுங்கிச்சு? உடம்பை யார் பார்த்தா? கடைசி வரைக்கும் மேடைக்கு வரவேயில்லையே."

"அப்ப செத்துட்டான்றவங்க?"

"அவசரக்காரங்க. நாற்பது வருஷமா நான் ஒருத்தன்தான் மறுக்கிறேன்."

"நிச்சயமா சாவல?"

"எழுதியே தரேன்."

இத்தனை காலத்தில் தன் கருத்தை இப்படி மன்றாடிக் கேட்டவர் எவருமில்லை. சுயம்பு பேனாவைத் திறந்தார். 'அவன் சாகவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். வழியனுப்ப வாசல்வரை போனார்.

வெளியே ஆட்டோவில் ஜெயவேலின் மருமகள், மடியில் புது வெள்ளைப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். ஜெயவேல் தாளை அவள் கையில் திணித்தார்.

"ஷாலு, என் புள்ள கடலுக்குப் போயி பதினஞ்சு நாளுதான் ஆவுது. போட்டு மட்டுந்தான் ஒதுங்கிச்சி. சாவலன்னு சார் கையெழுத்தே போட்டுக் குட்த்துட்டாரு. நாளைக்கி யாரு சொன்னாலும் தாலியக் கழட்டாதம்மா."