மெத்தைக்கு அடியில் ஓர் ஓட்டை

ஸ்பேனரை வைத்து லேசாகத்தான் திருப்பினேன். வால்வு கையோடு வந்துவிட்டது.

கழன்று வரவில்லை. நமத்துப்போன பிஸ்கட் மாதிரி ஒடிந்து வந்தது.

குளியலறையில் மாட்டுகிற பித்தளை வால்வு. அதைக் கொண்டுபோய்ப் படகின் அடிவயிற்றில், எந்நேரமும் கடலுக்குள் முங்கிக் கிடக்கிற இடத்தில் மாட்டியிருக்கிறான், படுபாவி. உப்புத்தண்ணீர் தின்று, ஒடிந்த இடம் செம்பு நிறத்தில் பொடிந்துபோயிருந்தது. முட்டுக் கொடுக்க ஒரு பலகைகூட இல்லை. கழிவறைக்குக் கடல்தண்ணீர் எடுக்க ஃபைபரில் ஓட்டை போட்டு, பசையை அப்பி, நட்டை முறுக்கியதோடு வேலை முடிந்தது என்று எழுந்து போயிருக்கிறான்.

படகு இப்போது பட்டறையில், கட்டைகளின் மேல் நிற்கிறது. அதனால் பிழைத்தது. தண்ணீரில் கிடக்கும்போது யாராவது கால் இடறி இதை மிதித்திருந்தால் அவ்வளவுதான். உள்ளே வருகிற கடலை வாளியால் இறைத்து மாளாது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யார் சார் இதை மாட்டினது?"

மேல்தளத்திலிருந்து படகுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"நான்தான் பாஸ். வீடியோ பார்த்து நானே பண்ணது. எப்படி?"

கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்! நல்ல சிரிப்பு வேறு. பார்த்தால் கோபப்படவே தோன்றாத முகம். காலையில் வரும்போது எனக்கும் சேர்த்துத்தான் காபி வாங்கி வந்தார். அதனாலேயே எரிச்சல் இரண்டு மடங்கானது.

நியாயமாகப் பார்த்தால் இது என் வேலையே இல்லை. போர்மேன் இந்தப் படகை வேறொருவனுக்குத்தான் கொடுத்திருந்தார். வேலை எழுதிப் போடுகிற பலகையில் படகுக்காரரின் பெயரைப் பார்த்துவிட்டு, அவனோடு மல்லுக்கட்டி நான் வாங்கினேன். இருக்கிற வேலை போதாதா, உனக்கென்ன கிறுக்கா என்றார் போர்மேன். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினேன்.

நான் குந்தியிருந்தது படகின் முன்னறையில். அறை என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு மெத்தை, ஒரு குட்டி ஜன்னல். மெத்தையைத் தூக்கினால் ஒரு மூடி. மூடியைத் தூக்கினால் இந்த ஓட்டை.

"இதுக்கு மேல யார் படுப்பாங்க?"

"என் பொண்ணு. ஏழு வயசு. இந்த லீவு முழுக்க என்கூடக் கடல்லதான்!" முகமெல்லாம் பல். "சீக்கிரம் முடிச்சிருங்க பாஸ். புது வால்வைப் போட்டு, பசையைத் தடவி மூடிட்டா போதும். பலகை கிலகையெல்லாம் எதுக்கு? அது மேல ஏறி யாராவது டான்ஸா ஆடப் போறாங்க?"

அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை.

"ஆடுவாங்க சார்! குழந்தைன்னா ஆடத்தான் செய்யும்! பெத்த புள்ளையைப் படுக்க வைக்கிற இடமா இது? கொஞ்சமாவது அறிவு வேணாம்?"

பக்கத்துப் படகில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தவன் கையை நிறுத்திவிட்டான். படகுக்காரரின் முகம் சிறுத்துப்போனது.

இன்னும் ஒரு வார்த்தை விட்டால் படகை இழுத்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போய்விடுவார். அங்கே எவனாவது பசையைத் தடவி மூடிக் கொடுப்பான். அதை நினைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"மன்னிச்சிருங்க சார். ஆனா பலகை வச்சே ஆகணும்."

மன்னிப்பு! நான்! அதுவும் இவரிடம்!

"சரி பாஸ், உங்க இஷ்டம்" என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஓட்டையைச் சுற்றி, இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவில் ஊறி நைந்திருந்த மரத்தைச் சுரண்டி எடுத்தேன். அந்த இடத்தை எபாக்சிப் பசை ஊற்றி அடைத்தேன். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் கெட்டிப் பலகை வெட்டி, படகின் வளைவுக்கு இழைத்து, உட்பக்கம் ஒட்டினேன். மறுநாள் அது கல்லாய் இறுகியதும், வெளியிலிருந்து வெண்கலக் குழாயைச் செருகி, உள்ளே வெண்கல வால்வைப் பொருத்தி போல்ட்டுகளை முறுக்கினேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு வசவு. எல்லாம் ஒரே ஆளுக்குத்தான்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. வால்வை மாட்டினவனே அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். எல்லோரும் நிற்பார்கள். நான் குதித்தேன். தலை கூரையில் ணங்கென்று இடித்தது. வெறி அடங்கவில்லை, இன்னொரு தரம் குதித்தேன். வால்வு இம்மியும் அசையவில்லை.

கடைசியாக ஆப்பு. ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் கூம்பாகச் செதுக்கிய ஒரு மர ஆப்பைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவோம். என்றைக்காவது வால்வு உடைந்தால், அவிழ்த்து ஓட்டையில் அடித்துக்கொள்ளலாம். வழக்கமாக நான் போடுகிற முடிச்சை அவிழ்க்கப் பெரியவர்களே திணறுவார்கள்.

இதற்கு மட்டும் இரண்டு காது வைத்து முடிச்சுப் போட்டேன். ஒரு முனையைப் பிடித்து இழுத்தால் போதும், அவிழ்ந்துவிடும்.

படகை எடுக்க வந்த படகுக்காரர் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

"என்ன பாஸ், ஷூ லேஸ் முடிச்சா? என் பொண்ணுக்கும் இது ஒண்ணுதான் தெரியும். அவ அம்மாவோட புதுப் புருஷன் சொல்லிக் குடுத்தானாம். ஆள் எப்படியோ, நான் பார்த்ததில்ல."

என் வீட்டு வாசற்படியில், ஷூவை என் மடியில் வைத்துக்கொண்டு, நாக்கைத் துருத்தியபடி அவள் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தது ஞாபகத்துக்கு வந்தது.

"அப்படியா சார்" என்றேன்.