மூன்றாவது தீப்பெட்டி

மதிய வெயிலில் கரிசல் முற்றம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. வேப்பமர நிழலில் குத்தவைத்திருக்கும் எபநேசர், மூன்று தீவுகளுக்கு அடையாளமாக மூன்று காலித் தீப்பெட்டிகளைத் தரையில் தள்ளித் தள்ளி வைக்கிறான். தீப்பெட்டி ஆபீஸில் கெஞ்சி வாங்கிய ஒரே ஒரு நாள் லீவில் எந்தத் தீவுக்குப் போவதென்று அவனுடைய புதுமனைவி எஸ்தர்ராணி சொல்ல வேண்டும். அவள் இதுவரை கடலைப் பார்த்ததில்லை. தீப்பெட்டி ஒட்டிப் பசை காய்ந்த விரலால் முதல் பெட்டியைத் தொடுகிறாள். "அது அந்தமான். கப்பல் ஏறுமுன்னயே லீவு தீந்துரும்" என்று சிரிக்கிறான். விரல் அடுத்த பெட்டிக்கு நகர்கிறது. "முயல் தீவு. தூத்துக்குடியில எறங்கி ரோட்டுலயே போயிரலாம்." "நடந்து போற எடம் எப்படிங்க தீவாகும்?" அவன் அந்தப் பெட்டியை ஓரமாகத் தள்ளுகிறான். அவள் மூன்றாவதைத் தொடுகிறாள். "வான் தீவு. தெரிஞ்ச அண்ணாச்சி வள்ளத்துல கூட்டிட்டுப் போவாவ. ஆனா வெறும் மணலுதான். குடிக்கத் தண்ணி கிடையாது." "இங்கன மட்டும் கொட்டுதாக்கும்! குடத்துல கொண்டு போவோம்." குடிக்க வைத்திருந்த செம்பை எடுத்து அந்தப் பெட்டியைச் சுற்றி ஊற்றுகிறாள். கரிசல் மண் ஒரே மடக்காய் உறிஞ்சிவிடுகிறது. "ஏட்டி, தண்ணிய வீணாக்காத!" "சித்த பொறுங்க." மீண்டும் ஊற்றுகிறாள். வெடிப்பு நிறைந்து, நாலு பக்கமும் தண்ணீர் நிற்கிறது. தீப்பெட்டி லேசாக அசைகிறது. எஸ்தர்ராணி மூச்சைப் பிடித்துக்கொண்டு, கன்னம் தரையில் படக் குனிந்து, அந்தத் தீவில் நின்றால் கடல் எப்படித் தெரியும் என்று பார்க்கிறாள்.